கார் எஞ்சின் படகு எஞ்சினான வரலாறு: பாகமாற்றமும் அதன் இடர்களும்

ஆய்வுச் சுருக்கம்

தரையில் ஓடும் கார்களுக்கும் சரக்குந்துகளுக்கும் என வார்க்கப்பட்ட எஞ்சின்களைப் பாகம் மாற்றிப் படகுகளில் பொருத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. எஞ்சினின் உடற்பகுதி பெரும்பாலும் மாறாதிருக்க, அதன் விளிம்பிலுள்ள பாகங்களே மாற்றப்பட்டன. எந்தப் பாகம் ஏன் மாறியது என்பதை உப்பு, சுமை, நெருப்பு ஆகிய மூன்றின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதே இம்மாற்றத்தை மலிவாக்கியது. அதே பொருத்தமே உயிரிழப்புக்கும் வழி திறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அமெரிக்க, ஐரோப்பியச் சான்றுகள் முதன்மையாகவும் ஆசியக் கரைகளின் சான்றுகள் ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படகு எஞ்சின், பாகமாற்றம், கடல்நீர்க் குளிர்விப்பு, தீத்தடுப்பு, எதிர்ச்சுழற்சி, பயன்பாட்டு வரலாறு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலமாகக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொருள் எப்போது முதன்முதலில் உருவானது, யார் உருவாக்கினார் என்னும் வினாக்களுக்குக் கிடைத்த இடம், அப்பொருளை மக்கள் எவ்வாறு பயன்படுத்தினர், எதற்காகப் பிரித்துக் கோத்தனர் என்னும் வினாக்களுக்குக் கிடைக்கவில்லை. டேவிட் எட்கர்ட்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' என்னும் நூல் இக்குறையை முன்வைத்துப் பயன்பாட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என வாதிட்டது. அவ்வாதத்துக்குக் கார் எஞ்சின் படகேறிய கதையைவிடப் பொருத்தமான சான்று அரிது. இதில் காப்புரிமை பெற்ற பெருங்கண்டுபிடிப்பு என எதுவும் முன்னிற்பதில்லை. வார்ப்படச் சாலைகளும் படகுத் துறைகளும் பழைய இரும்புக் கடைகளும் சேர்ந்து உருவாக்கிய ஒரு நடைமுறை இது.

காரும் மோட்டார்ப் படகும் ஏறத்தாழ ஒரே வயதின. காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1886இல் தங்கள் சிறிய பெட்ரோல் எஞ்சினைக் குதிரை வண்டி ஒன்றில் பொருத்தினர். அதே ஆண்டில் நெக்கர் ஆற்றில் ஒரு படகிலும் அவ்வகை எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். பெட்ரோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சியதால், படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் மின்காப்பிகளையும் கட்டி, அது மின்சாரத்தால் ஓடுவதுபோல் காட்டினர் என்று கூறப்படுவதுண்டு. அச்செய்தி மெய்யோ புனைவோ, அதிலுள்ள அச்சம் பொருளற்றதன்று. அடுத்த நூறாண்டுகளில் படகு எஞ்சினின் வடிவத்தைத் தீர்மானித்ததில் அவ்வச்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

எஞ்சின்கள் தரையிலிருந்து நீருக்கு மட்டுமே சென்றன எனக் கொள்வதும் பிழை. சுவீடனின் ஷெவ்டே நகரிலிருந்த ஒரு வார்ப்படச் சாலை 1907இல் 'பெண்டா' என்னும் படகு எஞ்சினை உருவாக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து 1927இல் வெளிவந்த வால்வோ நிறுவனத்தின் முதல் காருக்கு எஞ்சின் வழங்கியது அந்தப் பெண்டா ஆலையே. 1935இல் வால்வோ அவ்வாலையைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஆயினும் எண்ணிக்கை என்று வரும்போது ஓட்டம் ஒரே திசையில்தான் இருந்தது. கார்கள் இலட்சக்கணக்கில் உருவாயின. படகு எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் உருவாயின. ஆயிரத்துக்காக ஒரு வார்ப்பச்சு செய்வதைவிட, இலட்சத்துக்காகச் செய்த அச்சிலிருந்து சிலவற்றைப் பெற்றுக்கொள்வது மலிவு. இப்பொருளியல் கணக்கே மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஃபோர்டு 'டி' மாதிரி: முதல் பெரும் வாய்ப்பு

1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் 1 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட 'டி' மாதிரிக் கார்களை உருவாக்கியது. நான்கு சிலிண்டர்களும் 2.9 லிட்டர் கொள்ளளவும் 20 குதிரைத்திறனும் கொண்ட அதன் எஞ்சின் படகுக்கு ஏற்றதாகப் பல வகையிலும் தோன்றியது. அதன் கோள்வகைக் கியர் அமைப்பு எஞ்சினோடு ஒரே கூட்டுக்குள் இருந்தது. பின்செல்லும் கியரும் அதிலேயே உண்டு. கரையணையும் படகுக்குப் பின்செல்லும் ஆற்றல் இன்றியமையாதது. தீப்பொறிக்கான மின்னாக்கி சுழற்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்ததால் மின்கலமும் தேவைப்படவில்லை. விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து எஞ்சினை மட்டும் கழற்றினால் படகுக்குத் தேவையானவற்றில் பாதி கையில் இருக்கும்.

எஞ்சிய பாதியில்தான் தொல்லை. பெரும்பாலான 'டி' மாதிரிகளில் நீரேற்றி இல்லை. சூடான நீர் தானே மேலெழுந்து ரேடியேட்டருக்குச் சென்று, குளிர்ந்து கீழிறங்கும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று வேண்டும். படகின் உள்ளறையில் அது கிடைக்காது. எனவே ரேடியேட்டரை நீக்கிவிட்டு, ஆற்றுநீரையோ கடல்நீரையோ உள்ளிழுக்கும் ஒரு சிறு நீரேற்றியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இது எளிதில் விளங்கும் மாற்றம். எண்ணெய்ச் சிக்கல் அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாதது. 'டி' மாதிரியில் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தும் ஏற்றி கிடையாது. சுழற்சக்கரம் வாரி இறைக்கும் எண்ணெய் ஒரு குழாய் வழியே எஞ்சினின் முன்பகுதிக்குச் சென்று, அங்கிருந்து அடித்தட்டின் சிறு தொட்டிகள் வழியாகப் பின்னோக்கி வழிந்து வரும். செங்குத்தான மேட்டில் கார் ஏறும்போது முன்பக்கத் தாங்கிகளுக்கு எண்ணெய் போதாமற்போவது அக்கால ஓட்டுநர் அறிந்த குறை. படகிலோ உந்துவிசிறியின் தண்டு பின்னோக்கிச் சரிந்து நீருக்குள் இறங்க வேண்டியிருப்பதால், எஞ்சினும் முன்பகுதி உயர்ந்தவாறே அமர்த்தப்படுகிறது. அதாவது, படகிலுள்ள 'டி' எஞ்சின் நாள் முழுதும் மேடேறிக்கொண்டே இருந்தது. இதற்குத் தீர்வாக அமைந்தவை, மேட்டு நிலக் கார்களுக்கென விற்கப்பட்ட வெளிப்புற எண்ணெய்க் குழாய்கள். தரையின் ஒரு குறைக்கான மருந்து நீரிலும் பயன்பட்டது.

டெட்ராய்ட்டின் பட்டறைகள்

மிச்சிகன் மாநிலத்தில் கார்த்தொழில் செறிந்திருந்த டெட்ராய்ட் நகரமே படகு எஞ்சின் மாற்றத்தின் நடுவமாகவும் அமைந்தது தற்செயலன்று. கிரே மரீன், கெர்மத், ஸ்கிரிப்ஸ் ஆகிய நிறுவனங்கள் அங்கு இயங்கின. ஆற்றின் மேற்புறத்தில், அல்கோனாக் என்னும் சிற்றூரில், பிற்காலத்தில் கிறிஸ்-கிராஃப்ட் எனப் பெயர் பெற்ற ஸ்மித் குடும்பத்தாரின் படகுத்துறை இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அரசு மலிவாக விற்ற கர்ட்டிஸ் ஓஎக்ஸ்-5 வானூர்தி எஞ்சின்களை அவர்கள் படகுக்கேற்ப மாற்றினர். 90 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் கிடைத்த விலையில் அதற்கிணையான புதிய படகு எஞ்சின் எதுவும் கிடைத்திருக்காது. லிபர்ட்டி எனப்பட்ட 400 குதிரைத்திறன் எஞ்சின்களும் அவ்வாறே படகேறின. மதுவிலக்கு நடப்பிலிருந்த 1920–1933 காலத்தில் சாராயம் கடத்தியோரின் விரைவுப் படகுகளிலும் அவை முழங்கின. லிபர்ட்டி வானூர்திக்கென வடிக்கப்பட்டதாயினும் அதனை 1917இல் வரைந்தவர்களில் ஒருவர் பாக்கார்டு கார் நிறுவனத்தின் ஜெஸ்ஸி வின்சென்ட். அதனைப் பேரளவில் உருவாக்கியவையும் பாக்கார்டு, லிங்கன், ஃபோர்டு முதலிய கார் ஆலைகளே. ஆகவே இதனையும் கார்த்தொழிலின் கிளைக்கதையாகவே கொள்ளலாம்.

போர் மிச்சம் தீர்ந்தபின் மீண்டும் கார் வார்ப்புகளே கைகொடுத்தன. 1920களின் இறுதியில் கிரைஸ்லர் தன் கார் எஞ்சின்களின் படகு வடிவங்களைத் தானே விற்கத் தொடங்கியது. இங்கு ஒரு நிலைமாற்றத்தைக் குறிக்க வேண்டும். அதுவரை பட்டறைகளின் கைத்திறனாக இருந்த ஒன்று, ஆலையின் பட்டியலில் இடம்பெறும் பொருளாயிற்று. எந்தப் பாகம் மாற வேண்டும் என்னும் அறிவும் பட்டறைக்காரரின் நினைவிலிருந்து அச்சிட்ட பாகப்பட்டியலுக்கு இடம்பெயர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் இவ்வறிவு எதிர்பாராத இடத்தில் பயன்பட்டது. நியூ ஆர்லியன்சில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் வடிவமைத்த தரையிறங்கு படகுகள் 20,000க்கும் மேல் கட்டப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருந்தது, ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 டீசல் எஞ்சினைக் கிரே மரீன் படகுக்கேற்ப மாற்றிய 225 குதிரைத்திறன் வடிவம். பேருந்திலும் சரக்குந்திலும் ஓடிய அதே எஞ்சின் நார்மண்டிக் கரையிலும் இறங்கியது.

சுமை: தீராத மேடு

படகில் கார் எஞ்சின் ஏன் விரைவில் பழுதாகிறது என்பதற்கு உப்பையே முதற்காரணமாகச் சொல்வது வழக்கம். சுமையையே முதலில் வைக்க வேண்டும் எனத் தோன்றுகிறது. சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு காருக்கு ஏறத்தாழ 20 குதிரைத்திறன் போதும். 200 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது பத்தில் ஒரு பங்கு. முழு ஆற்றலும் முந்திச் செல்லும் சில நொடிகளுக்கே தேவைப்படும். இறக்கத்தில் எஞ்சின் முற்றிலும் ஓய்வெடுக்கும். படகுக்கு இறக்கம் கிடையாது. உந்துவிசிறி கேட்கும் ஆற்றல் சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல்தேவை எட்டில் ஒன்றாகக் குறையும், மிகச்சிறிது கூட்டினாலும் பெருமளவு ஏறும். நீரின் மேல் சறுக்கிச் செல்லும் விரைவுப் படகு, எஞ்சினின் உச்ச ஆற்றலுக்கு அருகிலேயே மணிக்கணக்கில் ஓட வேண்டியுள்ளது.

இதன் விளைவு முதலில் தெரிவது புகைவெளியேற்றும் வால்வுகளில். காரில் நெடுங்காலம் உழைக்கும் வால்வு, இடைவிடாத வெப்பத்தில் விளிம்பு கருகி, வளைந்து, அடைப்பை இழக்கும். எனவே படகுக்கென மறுசீரமைக்கும்போது வெப்பம் தாங்கும் கலப்புலோக வால்வுகளும் கடினப்படுத்திய வால்வு இருக்கைகளும் பொருத்தப்பட்டன. கேம் தண்டின் மாற்றம் இதைவிட நுட்பமானது. விரைவுக் கார்களின் கேம் தண்டு, உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சற்று நேரம் ஒருசேரத் திறந்திருக்குமாறு செதுக்கப்படுகிறது. உயர்வேகத்தில் அது ஆற்றலைக் கூட்டும். படகிலோ புகைக்குழாய்க்குள் நீர் செலுத்தப்படுவதால், குறைவேகத்தில் அந்த இடைவெளியில் தோன்றும் பின்னிழுப்பு நீர்த்துளிகளைச் சிலிண்டருக்குள் கொண்டுவந்துவிடும். பந்தயக் காரின் கேம் தண்டைப் படகில் பூட்டியவர்கள் துருப்பிடித்த வால்வுகளோடு திரும்பி வந்ததன் காரணம் இதுவே. கூடுதல் ஆற்றலுக்காகச் செய்த பாகமாற்றம் எஞ்சினை நீரால் அழித்தது.

உப்பு

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதனை நேராக எஞ்சினுக்குள் ஓடவிட்டால் இருவகைத் தீங்கு நேரும். ஒன்று அரிப்பு. மற்றொன்று படிவு: நீர் ஏறத்தாழ 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது கரைந்துள்ள சுண்ணம் முதலியன நீர்ப்பாதைகளின் சுவரில் படியத் தொடங்குகின்றன. இதனால் நேர்க்குளிர்விப்புப் படகு எஞ்சின்களில் 60 பாகையளவில் திறக்கும் வெப்பச்சீராக்கி பொருத்தப்பட்டது. கார்களில் அது 80 முதல் 90 பாகையில் திறக்கும். எஞ்சின் தாழ்ந்த வெப்பத்தில் ஓடினால் எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாது, தேய்மானம் மிகும். படிவைத் தவிர்க்கத் தேய்மானத்தை ஏற்றுக்கொண்ட சமரசம் இது. காரின் வெப்பச்சீராக்கியும் அதே கூட்டில் பொருந்தும் என்பதால், 'எஞ்சின் சூடேறவே இல்லை' எனக் கருதிய உரிமையாளர் அதனை வாங்கிப் போடுவதும், சில பருவங்களில் நீர்ப்பாதை அடைபடுவதும் நிகழக்கூடியவை.

இச்சமரசத்திலிருந்து விடுபடும் வழி இரட்டைச் சுற்றுக் குளிர்விப்பு. எஞ்சினுக்குள் நன்னீர் சுழலும். கடல்நீர் வெப்பமாற்றி என்னும் தனிக்கலத்தின் செப்பு-நிக்கல் குழாய்களுக்குள் மட்டும் ஓடும். அக்கலத்தில் துத்தநாகக் கட்டி ஒன்று திருகப்பட்டிருக்கும். துத்தநாகம் தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காக்கும். இக்கோட்பாடு எஞ்சின்களுக்கு மிக முந்தியது. கப்பல்களின் செப்புத் தகட்டுக்காக ஹம்ஃப்ரி டேவி 1824இல் முன்மொழிந்தது. சிறு பாகங்களிலும் மாற்றம் நேர்ந்தது. எஞ்சின் உடலின் வார்ப்புத் துளைகளை அடைக்கும் எஃகு மூடிகளுக்கு மாற்றாகப் பித்தளை மூடிகளும், துருப்பிடிக்காத எஃகு சேர்ந்த கேஸ்கெட்டும், நீரேற்றியில் வெண்கல உடலும் இரப்பர்ச் சிறகும் வந்தன.

புகைவெளியேற்றுப் பகுதியின் கதை தனித்து நோக்கத்தக்கது. காரில் எஞ்சினை ஒட்டிய புகைக்கூடு செந்தணலாகச் சிவந்தாலும் எதிர்க்காற்று அதனை ஆற்றும். மரப்படகின் மூடிய அறையில் அது கொள்ளிக்கட்டை. ஆகவே இரட்டைச் சுவர் கொண்ட, நடுவே நீர் ஓடும் புகைக்கூடு வார்க்கப்பட்டது. காரிலிருந்து ஒருபோதும் பெற முடியாத பாகம் இது. மாற்றுநிறுவனங்கள் தமக்கெனத் தாமே வார்த்தவற்றுள் முதன்மையானதும் இதுவே. உப்புநீர் சில ஆண்டுகளில் அதன் உட்சுவரைத் தின்றுவிடும். துளை விழுந்தால் நீர் சிலிண்டருக்குள் வடியும். நீரை அழுத்திச் சுருக்க இயலாதாகையால், எஞ்சினை முடுக்கும் அந்நொடியில் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். படகு எஞ்சினைப் பிரிக்கும் தொழிலாளி முதலில் ஐயுறும் பாகம் அது.

நெருப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. காரில் கார்புரேட்டரிலிருந்து சில துளிகள் கசிந்தால் அவை சாலையில் விழுந்து காற்றில் கலந்து மறையும். காருக்கு அடிப்பக்கம் திறந்தவெளி. படகுக்கு அடிப்பக்கம் மூடிய குழி. நீர் உள்ளே வராமல் தடுக்கும் அதே உடல், ஆவியை வெளியே போகவும் விடாது. காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு ஆவி கலந்தாலே தீப்பற்றும். அதன்பின் வேண்டியது ஒரு பொறி. ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரித்தூரிகைகள் ஒவ்வொரு முறையும் பொறி எழுப்புகின்றன; தீப்பொறிப் பகிர்வியின் பணியே பொறி எழுப்புவதுதான்.

ஆகவே மாற்றப்பட்ட பாகங்களுள் பெரும்பகுதி ஆற்றலைக் கூட்டவோ ஆயுளை நீட்டவோ வந்தவையல்ல. படகுக் கார்புரேட்டரில், மிகையாகும் பெட்ரோல் வெளியே வழியாமல் எஞ்சினுக்குள்ளேயே விழுமாறு காற்றுத்துளைகள் உள்நோக்கி வளைக்கப்பட்டன. எரிபொருள் ஏற்றியின் சவ்வு கிழிந்தால் காரில் பெட்ரோல் ஒரு சிறு துளை வழியே தரையில் சொட்டும். படகுக்கான ஏற்றியில் அத்துளையிலிருந்து ஒரு கண்ணாடிபோன்ற குழாய் கார்புரேட்டருக்குச் செல்லும், அல்லது இரண்டாம் சவ்வொன்று இருக்கும். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பகிர்வியும் உள்ளெழும் தீ வெளியே பரவாதபடி அடைப்பும் வலையும் பெற்றன. காற்றுவடிகட்டியின் இடத்தில் உலோக மடிப்புகளாலான தீத்தடுப்பி அமர்ந்தது. எஞ்சின் பின்னோக்கி வெடித்தாலும் சுடர் அம்மடிப்புகளில் வெப்பமிழந்து அணையும்.

இவற்றுள் எதுவும் ஒரே நாளில் வந்ததன்று. அமெரிக்கச் சட்டங்களை வரிசையாக நோக்கினால் சிந்தனையின் நகர்வு புலப்படுகிறது. 1910ஆம் ஆண்டின் மோட்டார்ப் படகுச் சட்டம், எரியும் பெட்ரோலை விரைந்து அணைப்பதற்கான கருவி படகில் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றது. தீப்பிடிப்பது இயல்பு என்றும் அணைப்பது படகோட்டியின் கடமை என்றும் அது கொண்டது. 1940 ஏப்ரல் 25ஆம் நாள் ஒப்புதல் பெற்ற சட்டம், அதன்பின் பொருத்தப்படும் பெட்ரோல் எஞ்சின்களின் கார்புரேட்டருக்குத் தீத்தடுப்பியையும், எஞ்சின் அறைக்கும் எரிபொருள் தொட்டி அறைக்கும் காற்றோட்டத்தையும் கட்டாயமாக்கியது. இங்குக் கவனம் தீயிலிருந்து தீயின் காரணத்துக்கு நகர்கிறது. படகோட்டியிடமிருந்து பாகத்துக்கு நகர்கிறது. 1971ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் வழியே 1970களின் பிற்பகுதியில் வந்த விதிகளும் பொறுப்பைப் படகைக் கட்டி விற்கும் உற்பத்தியாளரிடம் கொண்டுசேர்த்தன. மின்பாகங்கள் தீத்தடுப்புத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது அப்போது விதியாயிற்று.

ஆனால் உற்பத்தியாளரைக் கட்டும் விதி, பத்தாண்டுகளுக்குப் பின் அப்படகின் ஆல்டர்னேட்டர் பழுதாகும்போது உரிமையாளர் என்ன வாங்குகிறார் என்பதை எவ்வளவு தூரம் கட்டும்? கார்ப்பாகக் கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டர் அதே மரைகளில் பூட்டப்படும், அதே பட்டையால் சுழலும், அதே மின்னழுத்தம் தரும். விலை படகுப் பாகத்தைவிடக் குறைவு. வெளித்தோற்றத்தில் காணப்படும் ஒரே வேறுபாடு காற்றுத்துளைகளுக்குள்ளிருக்கும் மெல்லிய வலை. பொருத்திய நாளிலும் அடுத்த நாளிலும் எதுவும் நிகழாது. கசிவு ஏற்படும் நாளில் மட்டுமே வேறுபாடு வெளிப்படும். அன்று அதனைச் சொல்ல ஆள் இருப்பது உறுதியன்று. படகுப் பாகத்தின் விலை வெறும் கொள்ளை என்னும் பேச்சு இத்துறையில் ஓயாதது. நீரேற்றியின் பட்டைக்கும் எண்ணெய் வடிகட்டிக்கும் அப்பேச்சில் உண்மை இருக்கலாம். எந்தப் பாகத்தில் அது உண்மை, எதில் பொய் என்று பிரித்தறியும் அறிவே இத்தொழிலின் சாரம்.

எதிர்ச்சுழற்சி

இரு எஞ்சின் கொண்ட படகில் இரண்டு உந்துவிசிறிகளும் ஒரே திசையில் சுழன்றால் படகு ஒருபக்கம் இழுபடும். இதனைத் தவிர்க்க ஓர் எஞ்சினையே எதிர்த்திசையில் சுழலுமாறு கட்டும் வழக்கம் இருந்தது. 1955இல் அறிமுகமான ஷெவ்ரலே எட்டுச் சிலிண்டர் எஞ்சின் இதற்கு நல்ல சான்று. வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2 என்பது எதிர்ச்சுழற்சியில் 1-2-7-5-6-3-4-8 என்றாகும். கேம் தண்டு, ஸ்டார்ட்டர், கிராங்க் தண்டின் எண்ணெய்த்தடை ஆகியனவும் வேறாக வேண்டும். எண்ணெய்த்தடை படும் இடத்தில் தண்டின் மீது மெல்லிய சாய்வரிகள் உண்டு. அவை சுழற்சியின்போது எண்ணெயை உள்நோக்கித் தள்ளும். திசை மாறினால் அதே வரிகள் எண்ணெயை வெளியே இறைத்துவிடும். கார் எஞ்சின்களையே செப்பனிட்டுப் பழகிய பட்டறையில் ஓர் எதிர்ச்சுழற்சி எஞ்சின் வந்து சேர்ந்தால், பழக்கத்தால் வழக்கமான பாகங்களைக் கோத்துவிடும் வாய்ப்பு மிகுதி. சுழற்சித் திசையைக் கியர்ப்பெட்டியிலேயே மாற்றும் அமைப்புகள் பரவிய பின் எதிர்ச்சுழற்சி எஞ்சின்கள் அருகின.

கியர் அமைப்பின் மற்றொரு வளர்ச்சி இதனினும் பெரிது. 1959 தொடக்கத்தில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வால்வோ பெண்டா 'அக்வாமாட்டிக்' என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. அமெரிக்கரான ஜிம் வின் முன்மொழிந்த வடிவம் அது. படகின் பின்சுவரை ஒட்டி உள்ளே வால்வோ கார் எஞ்சினின் 80 குதிரைத்திறன் வடிவமும், சுவருக்கு வெளியே திருப்பவும் உயர்த்தவும் கூடிய உந்துகாலும் அமைந்தன. மெர்க்குரி நிறுவனத்தின் மெர்க்ரூசர் 1961இல் அதனைத் தொடர்ந்தது. எஞ்சின் கிடைமட்டமாகவே அமர்ந்ததால் 'டி' மாதிரியை வருத்திய சாய்வுச் சிக்கல் மறைந்தது. கார் வார்ப்புகளுக்குப் பொழுதுபோக்குப் படகுகளின் கதவு முழுமையாகத் திறந்தது இதன் பின்னரே.

டீசலும் திறந்தவெளியும்

நெருப்புச் சிக்கலுக்கு இரு மாற்றுவழிகள் உலகின் பிற கரைகளில் காணப்படுகின்றன. முதலாவது டீசல். பெட்ரோல் உறைகுளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். டீசலுக்கு 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். தீப்பொறிப் பகிர்வியும் இல்லை. ஆகவே சரக்குந்து டீசல் எஞ்சினைப் படகேற்றுவது எளிது. இங்கிலாந்தில் ஃபோர்டு தன் சரக்குந்துகளுக்கென உருவாக்கிய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லேமன் நிறுவனத்தால் படகுக்கேற்ப மாற்றப்பட்டு, ஹாங்காங்கில் கட்டப்பட்ட கிராண்ட் பேங்க்ஸ் படகுகளில் அமர்ந்தது. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் சரக்குந்து எஞ்சின்களும் படகு வடிவம் பெற்றுத் தமிழகக் கடற்கரையின் இழுவலைப் படகுகளில் இடம்பெற்றன. பேருந்துப் பணிமனையில் கற்ற கை, மீன்பிடித் துறைமுகத்திலும் பயன்பட்டது இதனால்தான். வங்கதேச ஆறுகளில் ஆழமற்ற குழாய்க்கிணறுகளுக்கென வந்த டீசல் எஞ்சின்கள் நாட்டுப்படகுகளுக்கு மாறியதையும், அப்படகுகள் 'ஷாலோ' என்னும் கிணற்றுப் பெயராலேயே வழங்குவதையும் இதனோடு ஒப்பிடலாம்.

இரண்டாவது வழி தாய்லாந்தினுடையது. அங்குள்ள நீள்வால் படகில் பழைய கார் எஞ்சினோ சரக்குந்து எஞ்சினோ படகின் பின்புறத்தில் திறந்தவெளியில், ஒரு சுழல்தாங்கியின் மேல் அமர்கிறது. அதிலிருந்து நேராக நீளும் சில மீட்டர்த் தண்டின் முனையில் உந்துவிசிறி. எஞ்சினையே திருப்பிப் படகைத் திருப்புகின்றனர். விசிறியை நீரிலிருந்து உயர்த்தினால் படகு நிற்கிறது. மூடிய அறை இல்லாததால் ஆவி தேங்குவதில்லை. புகைக்குழாய் வானோக்கி நிற்பதால் நீருறை கொண்ட புகைக்கூடும் வேண்டியதில்லை. டெட்ராய்ட் பட்டறைகள் அரைநூற்றாண்டு உழைத்து மாற்றிய பாகங்களில் பெரும்பாலானவை இங்குத் தேவையற்றுப்போகின்றன. நெருப்பிடர் எஞ்சினின் இயல்பன்று, எஞ்சினை மூடிவைத்த அறையின் இயல்பு என்பதை இதனினும் தெளிவாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பேரொலியும், திறந்த நிலையில் சுழலும் தண்டும் அதற்கு ஈடாகக் கொடுக்கும் விலை.

சான்றுகளின் நிலை

இவ்வரலாற்றை எழுதுவோருக்கு உதவுபவை பாகப்பட்டியல்களும் பராமரிப்புக் கையேடுகளும் எஞ்சின்களும்தாம். அவற்றுள் எஞ்சினே முதன்மைச் சான்று. ஆனால் அது எளிதில் பேசுவதில்லை. ஷெவ்ரலே எஞ்சின் உடலில் வார்ப்பிலேயே பதிந்த எண், அது எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லும். காருக்கும் படகுக்கும் அவ்வெண் ஒன்றாகவே இருக்கக்கூடும். அது எதற்கெனக் கோக்கப்பட்டது என்பதை உணர்த்துவது, சிலிண்டர் தலை அமரும் பரப்பின் முன்விளிம்பில் குத்தப்பட்ட சிறிய எழுத்துகளே. எஞ்சினை மறுசீரமைக்கும் பட்டறை செய்யும் முதன்மைப் பணிகளுள் ஒன்று அப்பரப்பைச் சமன்செய்ய மெல்லியதாக இழைப்பது. எழுத்துகள் அந்த இழைப்பில் சீவலாகப் போய்விடுகின்றன.